மலாக்காவில் ஒரு மீன் விருந்து

மலாக்காவுக்கும் எங்கள் தூத்துக்குடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1511-இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். அடுத்த இருபது, இருபத்தைந்து வருஷத்துக்குள் எங்கள் முத்துக்குளித்துறைப் பக்கமும் வந்து உட்கார்ந்தார்கள். பிறகு டச்சுக்காரர்கள் வந்து அவர்களைத் துரத்தினார்கள். மலாக்காவில் 1641, தூத்துக்குடியில் 1658. கடைசியாக 1824-இல் இங்கிலீஷ்காரனும் டச்சுக்காரனும் போட்டுக்கொண்ட ஒரே ஒப்பந்தத்தில் இரண்டு ஊரும் சேர்ந்தே கைமாறின. புனித சவேரியார் எங்கள் கடற்கரையில் நடந்த கால்களோடுதான் 1545-இல் மலாக்காவுக்கும் போனார். இரண்டுமே உப்புக்காற்றும் மீன் வாடையும் உள்ள ஊர்கள். அதனால்தானோ என்னவோ, கடல் கடந்து போயும் எனக்கு வெளியூருக்கு வந்திருக்கிறோம் என்றே தோன்றவில்லை.

என் மகளை மலேசியாவில் சிரம்பானில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளையின் கொள்ளுத்தாத்தா ரப்பர் தோட்டத்து வேலைக்குப் போனவர். இப்போது அவர்களுக்கு அதுதான் ஊர், அதுதான் நாடு. மகளுக்கு ஐந்தாம் மாதம் என்றதும் நான் புறப்பட்டுப் போனேன். போய்ப் பார்த்தால், பிள்ளை துரும்பாக இருக்கிறாள். எடை 47 கிலோவில் நின்றது நின்றபடியே இருந்தது. இரத்தத்திலும் சத்துக் குறைவு. டாக்டரம்மா, "புரதம் சாப்பிடணும், மீன் சாப்பிடு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறாராம். இவளோ மோர்ச்சோறும் ரொட்டியும் தவிர எதையும் தொடுவதில்லை.

தூத்துக்குடிப் பெண் மீனைத் தொடவில்லை என்றால் நம்ப முடிகிறதா? பல் முளைக்கும் முன்னே நண்டுக்காலை வாயில் வைத்து உறிஞ்சியவள் அவள். "ஏட்டி, என்ன ஆச்சு உனக்கு?" என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

போன வருஷம் அவளுக்கு ஒன்று தரித்து, பத்தாவது வாரத்தில் தங்காமல் போய்விட்டது. அது எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாதது, அப்போது துக்கம் விசாரிக்க வந்த ஓர் அம்மாள், "நண்டு தின்னியா? நண்டு சூடாச்சே! அதான் கலைஞ்சிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனது. அந்த வாரம் இவள் நண்டு சாப்பிட்டிருந்தது உண்மைதான். அன்றிலிருந்து நண்டு போயிற்று. பிறகு இறால், பிறகு மீனும் போயிற்று. ஒன்றரை வருஷமாக, தன் குழந்தையைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள் என் மகள். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். மறுநாளே நானும் அவளோடு டாக்டரம்மாவிடம் போய், வெட்கப்படாமல் கேட்டேன். முதல் மூன்று மாதத்தில் தங்காமல் போகும் கருக்களில் பாதிக்கு மேல், கரு உருவாகும்போதே அதன் குரோமோசோம்களில் ஏற்படும் கோளாறால் போகிறவை. தாய் நண்டு தின்றதாலோ, மாடிப்படி ஏறியதாலோ, துணி துவைத்ததாலோ அல்ல. நன்றாக வெந்த நண்டு கர்ப்பிணிக்கு ஆகாத பொருளே இல்லை. இதை அந்த அம்மாள் பொறுமையாக, படம் போட்டே விளக்கினார். மகள் தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்து மறுபடியும் மோர்ச்சோறுதான் சாப்பிட்டாள். காதில் ஏறியது வயிற்றில் இறங்க வேண்டாமா?

மாப்பிள்ளைதான், "அத்தை, நாளைக்கு ஞாயித்துக்கிழமை. மலாக்கா போயிட்டு வருவோம். கடல் காத்து பட்டா கொஞ்சம் தெளிவா இருக்கும்" என்றார். சம்பந்தி அம்மாளும் கிளம்பினார்கள். கிளம்பும்போது கையில் ஒரு தூக்குச்சட்டி. "மருமவளுக்கு ரசஞ்சோறு சம்பந்தி. வெளியில சாப்பாடு எப்படி இருக்குமோ" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களும் போன வருஷம் அழுதவர்கள்தானே.

சிரம்பானிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் மலாக்கா. ஊருக்குள்ளே பார்க்க நிறைய இருக்கிறது. 2008-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்திருக்கிறது. டச்சுக்காரர்கள் கட்டிய செக்கச்செவேலென்ற கட்டடங்கள், போர்த்துக்கீசியர் கோட்டையில் மிச்சம் நிற்கும் ஒரே ஒரு வாசல், குன்றின் மேல் கூரை போன ஒரு தேவாலயம். சவேரியார் உடல் கோவாவுக்குப் போகும் முன் 1553-இல் இங்கேதான் சில மாதம் அடக்கமாகியிருந்ததாம். 1781-இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோவிலும் இருக்கிறது. மலாக்காச் செட்டிகள் என்ற தமிழ் வம்சாவளியினர் கட்டியது. அவர்கள் வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது நம் சாமி. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு நடந்தோம். வெயிலோ வெயில்! மகளை அதிகம் நடக்கவிடாமல் சாயங்காலமாக உஜோங் பாசிர் என்ற பக்கம் காரை விட்டார் மாப்பிள்ளை. நகரத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர்.

அங்கேதான் இருக்கிறது கம்போங் போர்த்துகிஸ், அதாவது போர்த்துக்கீசியர் கிராமம். அந்தக் காலத்தில் வந்த போர்த்துக்கீசியர்களுக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த வம்சம். ஐநூறு வருஷமாக மதத்தையும் பாஷையையும் விடாமல் வைத்திருக்கிறார்கள். பேசுவது பழைய போர்த்துக்கீசு கலந்த 'கிறிஸ்தாங்' என்ற மொழி. நகரத்தில் சிதறிக் கிடந்த ஏழை மீனவர்களுக்கென்று இரண்டு பாதிரிமார் முயற்சி எடுத்து, 28 ஏக்கர் சதுப்பு நிலத்தை வாங்க வைத்து, 1930-களில் குடியமர்த்தினார்களாம். அதனால் இன்றும் வயதானவர்கள் அந்த இடத்தைப் 'பாதிரி நிலம்' என்ற அர்த்தத்தில் 'பாத்ரி சா சாங்' என்கிறார்கள். தெருப்பெயர்களைப் பாருங்கள்: அல்புகெர்க்கே, செக்குவேரா, தெக்ஸெய்ரா! வீட்டு வாசலில் மாதா படம், வேலியில் காயும் வலை, திண்ணையில் கால் நீட்டிய கிழவி. எங்கள் ஊர் கடற்கரைத் தெரு ஒன்றுக்குள் நுழைந்துவிட்டேனோ என்றிருந்தது.

கடலோரத்தில் ஒரு சதுக்கம் இருக்கிறது. அதையொட்டி வரிசையாக மீன் சாப்பாட்டுக் கடைகள். பெரிய ஹோட்டல் என்று நினைக்காதீர்கள். தகரக்கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, மேஜை மேல் வழுக்கும் விரிப்பு, அவ்வளவுதான். வேட்டி கட்டிக்கொண்டும் போகலாம், நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டும் போகலாம் போலிருந்தது. சீனக் குடும்பம் ஒன்று, முக்காடு போட்ட மலாய்ப் பெண்கள் நான்கு பேர், வெள்ளைக்காரத் தம்பதி, பஞ்சாபிகள், நாங்கள். எல்லார் தட்டிலும் மீன், எல்லார் கையிலும் மசாலா. கடை ஆரம்பிப்பதே சாயங்காலம்தான். இருட்டின பிறகு போனால் கடல் தெரியாது. ஐந்தரை மணிக்கே போய்விட்டால் வெளிச்சமும் உண்டு, இடமும் உண்டு.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். மீன் ஐஸ் மேல் கிடக்கும், நண்டு உயிரோடு தொட்டியில் இருக்கும். நாமே பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். நான் விடுவேனா? செவுளைத் தூக்கிச் சிவப்பு பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன், விரலால் அழுத்திப் பார்த்தேன். அழுத்தின இடம் உடனே நிமிர்ந்தால் நல்ல மீன், குழி விழுந்து நின்றால் பழசு. கடைக்காரப் பையன் என்னைப் பார்த்து மலாயில் என்னவோ சொல்ல, சம்பந்தி அம்மாள் சிரித்துவிட்டார்கள். "இந்த ஆன்ட்டி மீன்காரங்களா'ன்னு கேக்குறான் சம்பந்தி!" இதைவிட ஒரு பாராட்டு எனக்கு வேண்டுமா?

போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விலைப்பட்டியலில் மீனுக்கும் நண்டுக்கும் போட்டிருப்பது பெரும்பாலும் 100 கிராமுக்கு உள்ள விலை. கிலோவுக்கு என்று நினைத்துக்கொண்டு பெரிய நண்டாகக் காட்டிவிட்டு, பில் வந்ததும் விழிக்க வேண்டாம். எடை போட்டு, மொத்தம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு பிறகு சமைக்கச் சொல்லுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

நாங்கள் எடுத்தது ஒரு கொடுவா (அங்கே 'சியாக்காப்' என்கிறார்கள்), கொஞ்சம் கணவாய், வெண்ணெய் இறால், காங்குங் கீரை, கோழியில் 'தேபால்' கறி. மாப்பிள்ளை எனக்காக இரண்டு நண்டும் சொன்னார். மகள் முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்தாள்.

முதலில் வந்தது கொடுவா. முழுமீனைக் கீறி, சிவக்கச் சிவக்க ஒரு மசாலாவை அப்பி, வாழை இலையில் வைத்து, மேலே அலுமினியத்தாளும் சுற்றி, சூடான தகட்டில் போட்டு எடுக்கிறார்கள். மேஜையில் வைத்துப் பிரித்ததும் வந்ததே ஒரு மணம்! வதங்கின வாழை இலையும் எலுமிச்சைப்புல்லும் வறுத்த மிளகாயும் சேர்ந்த மணம். அந்த ஒரு மீனில் எத்தனை தேசம் இருக்கிறது என்று பாருங்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்த்துக்கீசியர் கப்பலில் வந்து இறங்கும் வரை நமக்கும் மிளகாய் தெரியாது, மிளகுதான் காரம். எலுமிச்சைப்புல்லும் பேரரத்தையும் அந்த மண்ணுக்கே உரியவை. இறாலை உப்பிட்டு இடித்துக் காயவைத்த 'பெலாச்சான்' மலாய்க்காரர்களுடையது. மஞ்சள் நம்முடையது. இலையில் சுற்றுவதற்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது, வாழை உள்ள ஊரெல்லாம் செய்வதுதான்.

வெண்ணெய் இறாலில் கறிவேப்பிலையைக் கொட்டியிருந்தார்கள், ஒரு கைப்பிடி! வெண்ணெயில் பொரிந்த கறிவேப்பிலையும் பச்சைமிளகாயும், மேலே பூப்பூவாக முட்டை. சீனச் சமையல்காரர் கைக்கு நம் கறிவேப்பிலை எப்படிப் போயிற்று என்பதை யாராவது ஆராய்ச்சி பண்ணலாம். காங்குங் என்பது நம் ஊர்க் குளத்தங்கரையில் படரும் வள்ளைக்கீரை. நாம் மாட்டுக்குப் போடுகிறோம். அங்கே அதைப் பெலாச்சானில் வதக்கினால் அடித்துக்கொள்கிறார்கள்.

தேபால் கறியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடுகும் வினிகரும் காய்ந்த மிளகாயும் அரைத்துவிட்ட கறி அது. கிறிஸ்துமஸ் விருந்தில் மிஞ்சின கறிகளையெல்லாம் மறுநாள் ஒன்றாகப் போட்டுச் செய்வதில் ஆரம்பித்தது என்கிறார்கள். இங்கிலீஷில் இதற்குப் 'பிசாசுக் கறி' என்று பெயர். ஒரு வாய் வைத்ததும் பெயர்க்காரணம் புரிந்துவிட்டது. கோவாவின் விண்டாலு இதற்குச் சொந்தக்காரி. இரண்டும் வினிகர் வீட்டுப் பிள்ளைகள். எனக்கு என்னவோ இது மீனளவுக்குப் பிடிக்கவில்லை. புளிக்குப் பழகின நாக்குக்கு வினிகர் புளிப்பு கொஞ்சம் அந்நியந்தான்.

தொட்டுக்கொள்ள ஒரு சின்னக் கிண்ணத்தில் ரோஸ் நிறத்தில் ஒன்று வைத்தார்கள். பெயர் 'சிஞ்சாலோக்'. மலாக்காவின் தனிப்பெருமை. பார்த்ததும் தெரிந்துவிட்டது, நம் சென்னாக்கூனிதான்! பொடி இறாலை உப்பும் சோறும் கலந்து ஜாடியில் புளிக்க வைத்து, சாப்பிடும்போது சின்ன வெங்காயமும் மிளகாயும் எலுமிச்சையும் பிழிந்துகொள்கிறார்கள். நானும் மாப்பிள்ளையும் தொட்டுக்கொண்டோம். மகளுக்கு நானே வேண்டாம் என்றேன். வேகாத பண்டம் அது, உப்பும் அதிகம். கர்ப்பிணிகள் தள்ளிவைக்க வேண்டியது இப்படிப்பட்டதைத்தான். வெந்த நண்டைத் தள்ளிவைக்கக் காரணமில்லை.

சம்பந்தி அம்மாள் தூக்குச்சட்டியைத் திறந்து ரசஞ்சோற்றைத் தட்டில் போட்டார்கள். மகள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் நண்டு வந்தது, அடுப்படியிலிருந்து கடைக்கார அம்மாளே கொண்டுவந்தார். அறுபது வயதிருக்கும். மாநிறம், சுருட்டை முடி, கழுத்தில் சிலுவை. எங்கள் தெருவில் நடந்தால் யாரும் வெளியூர்க்காரி என்று சொல்ல மாட்டார்கள். மகள் வயிற்றைப் பார்த்ததும் விரலைக் காட்டி, எத்தனை மாதம் என்று கேட்டார். சம்பந்தி அம்மாள் மலாயில் பதில் சொல்ல, இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குப் பாஷை தெரியாது, முகம்தான் தெரிந்தது. பேசிக்கொண்டே இருந்த சம்பந்தி அம்மாளின் குரல் ஓரிடத்தில் தாழ்ந்தது. போன வருஷத்துக் கதைக்கு வந்துவிட்டார்கள் என்று புரிந்தது. கடைக்கார அம்மாள் தலையைப் பலமாக ஆட்டி, நண்டைக் காட்டி, தன்னைக் காட்டி, ஐந்து விரலைக் காட்டினார்.

"என்ன சொல்றாங்க அத்தை?" என்றாள் மகள்.

"அஞ்சு புள்ள பெத்தாங்களாம். அவங்க வீட்டுக்காரரு மீன் பிடிக்கிறவரு. அஞ்சு பேருக்கும் மாசமா இருந்தப்போ வேற கறிக்குக் காசில்ல, நண்டும் மீனும்தானாம்."

யாரும் ஒன்றும் பேசவில்லை. கடலில் ஒரு படகு விளக்கைப் போட்டுக்கொண்டு போயிற்று. பிறகு சம்பந்தி அம்மாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு நண்டை எடுத்தார்கள். ஓட்டைப் பிரித்தார்கள். பல்லால் காலை உடைத்து, சதையை நாரில்லாமல் எடுத்து, முதலில் தான் கொஞ்சம் வாயில் போட்டு, வெந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு மகள் தட்டில், ரசஞ்சோற்றின் ஓரத்தில் வைத்தார்கள்.

"சாப்பிடும்மா. அந்தப் பொம்பள சொன்னப்பவே நான் வாயை அடைச்சிருக்கணும். நானும் நம்பிட்டுத்தான் நின்னேன்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்துக்கொண்டேன். அப்புறம் திரும்பியபோது தட்டு காலி. கொடுவாயிலும் ஒரு பக்கத்தை அவளே முடித்துவிட்டாள். "அம்மா, நம்ம வீட்டு ருசி மாதிரி இருக்கும்மா" என்று சொல்லிக்கொண்டே விரலைச் சூப்பினாள், ஐந்து வயதில் சூப்பின மாதிரி.

கடைக்கார அம்மாள் என்னை அடுப்படிக்கே கூட்டிக்கொண்டு போனார். எனக்குச் சம்பந்தி அம்மாள் துபாஷி. மசாலாவை அரைத்துப் பச்சையாகத் தடவக் கூடாதாம். எண்ணெய் பிரியும் வரை வதக்கின பிறகுதான் மீன் மேல் போட வேண்டும். இல்லாவிட்டால் மீன் வெந்தாலும் மசாலா பச்சை வாடை அடிக்கும். 'புவா கெராஸ்' என்று ஒரு கொட்டையைக் காட்டினார். பார்க்க வெளுத்த பாக்கு மாதிரி, நல்ல கொழுப்பு. அதை அரைத்து விடுவதால்தான் மசாலா மீனோடு ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அதைப் பச்சையாகத் தின்றால் வயிற்றுக்கு ஆகாது, விஷத்தன்மை உண்டு. நமக்கு முந்திரிப்பருப்பு போதும்.

அடுப்படியில் இருந்த சாமான்களுக்கு அவர்கள் சொல்லும் பெயரைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தோம். ஜன்னலுக்கு 'ஜனேலா'. சாவிக்குச் 'சாபி'. நம் அலமாரி, வாளி, துவாலை, பீப்பாய், பிஸ்கோத்து எல்லாமே அதே போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொற்கள்தானே! மலாய்க்காரர்களும் ஜன்னலை 'ஜெண்டேலா', துவாலையை 'துவாலா' என்கிறார்கள். பதிலுக்கு நாம் கொடுத்ததும் உண்டு. கப்பல் அவர்களுக்குக் 'காபால்', கடை 'கெடாய்'. கிளம்பும்போது அந்த அம்மாள் தங்கள் பாஷையில் நன்றி சொன்னார்: "முத்து கிராந்தி மெர்சே." 'முத்து' என்றால் அவர்களுக்கு 'மிக' என்று அர்த்தமாம். முத்து நகரத்துக்காரிக்கு அது எப்படி இருந்திருக்கும், நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டுக் கை கழுவி, கடல் பக்கம் சற்று உலாவினோம். கடல் என்று சொன்னேனே தவிர, முன்பு வீட்டு வாசலில் இருந்த அலை இன்று தள்ளிப் போயிருக்கிறது. மலாக்கா கரை நெடுகக் கடலில் மண் கொட்டி நிலம் எடுத்திருக்கிறார்கள். இரண்டு மூங்கிலைக் கத்தரி மாதிரி கட்டி, வலை பூட்டி, இடுப்பளவு தண்ணீரில் தள்ளிக்கொண்டே போய்க் கூனி பிடிப்பது இந்த மக்களின் பரம்பரைத் தொழில். ஆழமில்லாத சேற்றுக்கடல் இருந்தால்தான் அது நடக்கும். மண் கொட்டின பிறகு கூனி குறைந்துவிட்டது என்பது அவர்கள் குறை. கடைகளில் வரும் மீனில் எவ்வளவு அவர்கள் வலையில் விழுந்தது, எவ்வளவு மார்க்கெட்டில் வாங்கியது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஜூன் கடைசியில் சான் பெத்ரோ என்று மீனவர் திருவிழா எடுத்துப் படகுகளை ஜோடித்து மந்திரிக்கிறார்கள். எங்கள் ஊரில் ஜூலை 26-ஆம் தேதி பனிமய மாதா கோவிலில் கொடி ஏறும். ஒரு மாதந்தான் வித்தியாசம்.

திரும்பும் வழியில் எல்லோருக்கும் மனசில் ஒரு பயம். வாந்தி எடுப்பாளோ? ஒரு பாலிதீன் பையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். சிரம்பான் வரும் வரை மகள் மாமியார் தோளில் சாய்ந்து தூங்கினாள். பை அப்படியே வீடு வந்தது.

மீன்தான் அவளைத் தேற்றியது என்று எழுத மாட்டேன். ஐந்தாம் மாதத்தில் மசக்கை தானே தணிவதும் இயல்புதான். ஆனால் அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள் வீட்டில் மீன் சட்டி ஏறியது. நான் ஊருக்குத் திரும்பும்போது எடை 50 கிலோவைத் தாண்டியிருந்தது.

உங்கள் வீட்டில் வாயும் வயிறுமாக யாராவது இருந்தால், டாக்டரம்மா எங்களுக்குச் சொன்னதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பாதரசம் குறைந்த மீனாகப் பார்த்து வாரத்துக்கு 225 முதல் 340 கிராம் வரை சாப்பிடலாம், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. நெத்திலி, சாளை, இறால், நண்டு, கணவாய் எல்லாம் இதில் சேர்த்தி. குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய கொழுப்புச்சத்து மீனில் இருக்கிறது. சுறா, வாள்மீன் மாதிரி மற்ற மீனைத் தின்று வளரும் பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்துவிடும், அவை வேண்டாம். இதைக் கேட்டதும் சம்பந்தி அம்மாளுக்கும் எனக்கும் ஒரே சமயத்தில் சுறாப்புட்டு ஞாபகம் வந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற அதைத்தானே கொடுப்போம்! டாக்டரம்மாவிடமே கேட்டோம். பால் கொடுக்கும் காலத்திலும் சுறாவைத் தவிர்ப்பதே நல்லது, அதே புட்டை வேறு மீனில் செய்து கொடுங்கள், பூண்டும் மிளகும் அதே பூண்டும் மிளகுந்தானே என்றார். எனக்கு அது சரியாகவே பட்டது. எதுவானாலும் நன்றாக வேக வேண்டும். மீன் சதை கண்ணாடி போலில்லாமல் வெளுத்து, முள்ளை விட்டு இதழ் இதழாகப் பிரிய வேண்டும். மட்டி, சிப்பி வேகும்போது வாய் திறக்காததைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். இறால், நண்டு தின்று முன்பு எப்போதாவது உடம்பு தடித்து அரித்திருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

அந்த இலை மீனை நம் வீட்டுத் தோசைக்கல்லிலேயே செய்யலாம். அரைக் கிலோ கொடுவாயோ விளைமீனோ முழுசாக வாங்கிக் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி வையுங்கள். சின்ன வெங்காயம் பத்து, ஊறவைத்த காய்ந்த மிளகாய் ஆறு, பூண்டு நாலு பல், விரல்நுனி அளவு பேரரத்தை (இல்லாவிட்டால் இஞ்சி), எலுமிச்சைப்புல்லின் வெள்ளைத் தண்டு ஒன்று, முந்திரி ஆறு. எல்லாவற்றையும் நைசாக அரையுங்கள். பெலாச்சானுக்குப் பதில் வறுத்துப் பொடித்த சென்னாக்கூனி ஒரு டீஸ்பூன். எண்ணெய் தாராளமாக விட்டு, பிரியும் வரை சிறுதீயில் வதக்கி, கொஞ்சம் புளிக்கரைசலும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் சேர்த்து இறக்குங்கள். இலையைத் தணலில் வாட்டி, மசாலா, மீன், மேலே மறுபடி மசாலா என்று வைத்து மடித்து, கல்லில் எண்ணெய் தடவி, மூடி போட்டு, பக்கத்துக்குப் பத்து நிமிஷம். மெல்லிய தீயாக இருக்கட்டும். வெளி இலை கருகும், கருகட்டும். உள் இலை பழுப்பாகி மசாலா விளிம்பில் எண்ணெய் மினுங்கும்போது இறக்கிவிடுங்கள். சூடு ஆறுவதற்குள் சோற்றைப் போட்டுவிட வேண்டும்.